பூனையும் தெள்ளுப்பூச்சியும்

பூனை வளர்க்கும் வீடுகளில் என்றேனும் ஒருநாள் ஒரு வழக்கு எழுவதுண்டு. காலையில் எழுந்த தாய் தன் கணுக்காலைச் சுற்றிச் சிவந்த தடிப்புகளைக் காண்கிறாள். பாட்டி பாயை உதறுகிறாள். கரும்புள்ளி போன்ற ஒன்று துள்ளி மறைகிறது. உடனே தீர்ப்பும் கூறப்பட்டுவிடுகிறது. "எல்லாம் இந்தப் பூனையால் வந்த வினை. சாக்கில் போட்டுக்கொண்டு போய் ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட்டு வா!" அவ்வீட்டுச் சிறுவர்கள் அழுவதைத் தவிர வேறு வாதம் அறியார். அவர்களுக்கு வாதம் செய்யக் கற்றுக்கொடுப்பதே இப்பேச்சின் நோக்கம். கண்ணீரால் வெல்ல முடியாத வழக்கைச் சில வேளைகளில் அறிவினால் வெல்ல முடியும்.

முதலில் எதிரி யார் என்பதைத் தெளிவாக அறிதல் வேண்டும். உண்ணி, பேன், தெள்ளு ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கருதுவோர் பலர். வளர்ந்த உண்ணிக்குக் கால்கள் எட்டு. அது சிலந்திக்கு உறவு. தோலைக் கவ்விக்கொண்டு நாள்கணக்கில் அசையாது கிடக்கும். பேனுக்குக் கால்கள் ஆறு; அது ஊருமேயன்றித் துள்ளாது. தெள்ளுப்பூச்சிக்கும் கால்கள் ஆறே, சிறகு இல்லை, ஆனால் துள்ளிப் பாயும். அதன் நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர், நிறம் செம்பழுப்பு. அலமாரியில் நிறுத்திய புத்தகத்தைப்போல அதன் உடல் இருபுறமும் ஒடுங்கியிருப்பதால், அடர்ந்த மயிரினூடே தடையின்றி நுழைந்து செல்லும். உடலின்மேல் பின்னோக்கிச் சாய்ந்த முட்கள் இருப்பதால், பூனை நக்கினாலும் சொறிந்தாலும் எளிதில் வெளிவராது. உலகில் ஏறத்தாழ 2,500 வகைத் தெள்ளுப்பூச்சிகள் உள்ளன. நம் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் பூனைத் தெள்ளு. பெயரில் பூனை இருப்பினும், நாயின் உடலிலும் பெரும்பாலும் காணப்படுவது இதுவே.

இதன் துள்ளல் அறிவியலாரை நெடுங்காலம் வியக்கவைத்தது. தசையின் வேகம் மட்டும் இத்தகைய பாய்ச்சலுக்குப் போதாது. உண்டிவில்லின் இரப்பரை இழுத்து விடுவதுபோல, தெள்ளு தன் மார்பிலுள்ள 'ரெசிலின்' என்னும் மீள்தன்மைப் பொருளை முதலில் அழுத்தி வைத்துக்கொள்கிறது. பின்னர் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவான நேரத்தில் அதை விடுவிக்கிறது. இதனை பெனட்-கிளார்க், லூசி என்னும் இருவர் 1967-இல் விளக்கினர். தன் உடல் நீளத்தைப்போல் பல பத்து மடங்கு உயரம் பாயும் இவ்வுயிரைக் கையால் பிடித்தே ஒழித்துவிட எண்ணுவது வீண் முயற்சி என்பது இதனால் விளங்கும்.

பூனையின்மேல் தெள்ளு உண்டா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. வெள்ளைத் தாள் ஒன்றை ஈரப்படுத்தி விரித்து, அதன்மேல் பூனையை நிறுத்தி, நெருங்கிய பற்களுள்ள சீப்பினால் வாருங்கள். மிளகுத்தூள் போன்ற கருந்துகள்கள் உதிரும். அத்துகள்களைச் சுற்றி ஈரத்தாளில் செந்நிறம் பரவினால், அவை வெறும் அழுக்கல்ல. பூனையின் இரத்தத்தைக் குடித்த தெள்ளின் எச்சம். இந்த எச்சத்தை நினைவில் வையுங்கள். இதற்கு ஒரு வேலை இருக்கிறது.

இனி அதன் வாழ்க்கை வரலாற்றுக்கு வருவோம். போரில் வெற்றி தருவது இதுதான். வளர்ந்த தெள்ளு பூனையின் உடலிலேயே தங்கி இரத்தம் குடித்து வாழ்கிறது. இரத்தம் குடித்த ஓரிரு நாளில் பெண் தெள்ளு முட்டையிடத் தொடங்கும். நன்கு உணவு கிடைத்தால் நாளொன்றுக்கு 40 முட்டைகூட இடும். முட்டை வழுவழுப்பானது, மயிரில் ஒட்டாது. பூனை படுத்த இடத்திலும், நடந்த இடத்திலும், தாவி ஏறிய பரணிலும் உப்புத் தூவியதுபோல் உதிர்ந்துவிடும். சில நாளில் முட்டையிலிருந்து காலில்லாத சிறு வெண்புழு வெளிவரும். அதற்கு வெளிச்சம் பிடிக்காது. பாயின் அடியிலும், தரை வெடிப்பிலும், நெல் மூட்டையின் இடுக்கிலும் அது ஒளிந்துகொள்ளும். அங்கே அதற்கு உணவு எது? பூனையின் உடலிலிருந்து முட்டையுடன் சேர்ந்து உதிர்ந்த அந்தக் கருந்துகள்தான். தாய் பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்புவதுபோல் இருக்கிறது இந்த ஏற்பாடு!

வளர்ந்த புழு பட்டிழையால் கூடு பின்னும். அந்த இழை ஒட்டும் தன்மையுடையது. தூசியும் மணலும் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். ஆகவே, கூடு நம் கண்முன் கிடந்தாலும் தூசியாகவே தோன்றும். அதற்குள் தெள்ளு முழு உருவம் பெற்றுவிடுகிறது. ஆயினும் உடனே வெளிவர வேண்டும் என்பதில்லை. வெளியே இரை இல்லையெனில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில்கூட, கூட்டுக்குள்ளேயே காத்திருக்கும். தரை அதிர்ந்தாலோ, உடற்சூடு தாக்கினாலோ, மூச்சில் வெளிவரும் கரியமில வாயு பட்டாலோ, ஆள் வந்துவிட்டதென்று அறிந்து வெளியே பாயும். நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் கூட்டமாகக் கடிப்பதன் காரணம் இதுவே. நல்ல வெப்பமும் ஈரமும் இருந்தால், முட்டை முதல் தெள்ளு வரை மூன்று நான்கு வாரங்களில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். பூனையின்மேல் பெண் தெள்ளுகள் பத்து உள்ளன எனக் கொள்க. நாளுக்கு முப்பது முட்டை என்று குறைத்தே கணக்கிடினும், ஒருநாளைக்கு 300. பத்து நாளில் 3,000. இவை அனைத்தும் பூனையின்மேல் இல்லை, தரையில் இருக்கின்றன. ஒரு வீட்டிலுள்ள தெள்ளுகளில், வளர்ந்து பூனையின்மேல் வாழ்பவை நூற்றுக்கு ஐந்து அளவே இருக்கும் என்றும், எஞ்சியவை முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் தரையில் கிடக்கும் என்றும் பூச்சியியலார் மதிப்பிடுகின்றனர்.

சிறுவர்களுக்கு நான் தர விரும்பும் வாதம் இதிலிருந்தே பிறக்கிறது. பூனையைச் சாக்கில் கட்டிக்கொண்டு போனால் நூற்றில் ஐந்துதான் வெளியேறுகிறது. தொண்ணூற்றைந்து வீட்டிலேயே இருக்கிறது. நாள்தோறும் அவை வளர்ந்து வெளிவந்து இரை தேடும்போது பூனை இல்லை, மனிதர்கள் இருக்கிறோம்! பூனையைத் துரத்திய வீட்டில் கடி குறைவதற்கு மாறாகச் சில நாள்களுக்கு மிகுவதும் உண்டு. அன்றியும், பூனை போன வீட்டில் எலிக்குத் துணிவு வரும். எலியோடு எலித்தெள்ளும் வரக்கூடும். கொள்ளைநோயாகிய பிளேக்கைப் பரப்புவது அந்த எலித்தெள்ளே என்பதை, பிரெஞ்சு மருத்துவர் சைமண்ட் 1898-இல் கராச்சியில் செய்த சோதனையால் காட்டினார். பூனைத் தெள்ளு அத்துணைக் கொடியதன்று. எனினும் அதைப் பொருட்படுத்தாமல் இருப்பதும் தவறு. தெள்ளை விழுங்கும் பூனைக்கு நாடாப்புழு தொற்றும். சிறு குட்டிகளோ இரத்தம் இழந்து, ஈறு வெளுத்து, இறந்துபோகவும் கூடும். ஆதலால் ஒழிக்க வேண்டியது தெள்ளை. காக்க வேண்டியது பூனையை.

ஒழிக்கும் வழி யாது? போர்முனை இரண்டு: ஒன்று பூனையின் உடல், மற்றொன்று வீட்டின் தரை. இரண்டிலும் ஒரே நாளில் தொடங்குதல் வேண்டும்.

பூனையை நாள்தோறும் நெருங்கிய பற்சீப்பால் வாருங்கள்; கழுத்தையும் வால் அடியையும் சிறப்பாகக் கவனியுங்கள். சீப்பில் சிக்கிய தெள்ளை நகத்தால் நசுக்காமல், சோப்பு கரைத்த நீரில் போடுங்கள். வெறும் நீரின் பரப்பு ஒரு மெல்லிய தோல்போல் தெள்ளைத் தாங்கும். சோப்பு அப்பரப்பின் இழுவிசையைக் குறைத்துவிடுவதால் அது மூழ்கும். கால்நடை மருத்துவரிடம் பூனையைக் காட்டி, அதன் எடைக்கும் வயதுக்கும் ஏற்ற மருந்தைப் பெறுங்கள். பிடரியில் சில துளி இடும் நல்ல மருந்துகள் இப்போது உள்ளன. வீட்டில் பூனைகளும் நாய்களும் எத்தனை உண்டோ, அத்தனைக்கும் ஒரே நாளில், அதனதற்குரிய மருந்தை இடுதல் வேண்டும். ஒன்றை விட்டுவைத்தால் அதுவே எதிரியின் கோட்டையாகிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையை அழுத்திக் கூற விரும்புகிறேன். நாய்க்கென விற்கும் மருந்தைப் பூனைக்கு இடாதீர்கள். அவற்றுள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்னும் நஞ்சு உண்டு. நாயின் உடல் அதைச் சிதைத்து வெளியேற்றும். பூனையின் ஈரலுக்கு அத்தகைய ஆற்றல் மிகக் குறைவு. உடல் நடுங்கி, வலிப்புக் கண்டு, பூனை இறக்க நேரிடும். மனிதர் காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சாவதும் ஈரலின் இதுபோன்ற குறையினாலேயே. மண்ணெண்ணெய், பினாயில், கர்ப்பூரம், பாச்சை உருண்டை ஆகிய எதனையும் பூனையின்மேல் பூசலாகாது. பூனை தன் உடலை நாவினாலேயே தூய்மை செய்யும் உயிர். அதன் மயிரில் நாம் தடவுவது அதன் வயிற்றுக்குள் சென்றே தீரும். சிறு குட்டிகளுக்கு மருத்துவர் சொல்லாத எம்மருந்தும் வேண்டா, சீப்பே போதும்.

அடுத்தது தரை. பூனை படுக்கும் துணியையும் நம் விரிப்புகளையும் வாரம் ஒருமுறை கொதிநீரில் ஊறவைத்துத் துவையுங்கள். பாய், சாக்கு, மெத்தை ஆகியவற்றை உச்சி வெயிலில் காயவையுங்கள். தெள்ளின் புழு ஈரத்தில் வாழ்வது. காற்றில் ஈரம் வற்றினாலும், வெப்பம் 35 பாகைக்கு மேல் நெடுநேரம் நின்றாலும் மடிந்துவிடும். மழைக்காலத்தில் தொல்லை பெருகுவதும், சித்திரை வெயிலில் முற்றத்தில் விரித்த பாய் தூய்மையாவதும் இதனாலேயே. கட்டிலின் அடி, மூட்டைகளின் பின்புறம், விறகு அடுக்கிய மூலை, பரண் ஆகியவற்றை நாள்தோறும் பெருக்குங்கள். பெருக்கிய குப்பையை வாசலில் கொட்டினால் மீண்டும் உள்ளே வரும். சோப்பு நீரில் கொட்டி அமிழ்த்துங்கள். தூசி உறிஞ்சும் கருவி உள்ள வீடுகளில் அது மிக நன்று. அதன் அதிர்வே கூட்டிலுள்ள தெள்ளை எழுப்பி வெளிக்கொணரும். தரை வெடிப்புகளைச் சிமெண்டினால் அடைத்துவிடுங்கள்.

புழு வளராமல் தடுக்கும் மருந்துகளும் இன்று உண்டு. அவற்றுக்குப் பின்னணியாக ஓர் இனிய வரலாறு இருக்கிறது. செக் நாட்டு ஆராய்ச்சியாளர் காரெல் ஸ்லாமா, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒருவகைச் செந்நிற நாவாய்ப்பூச்சிகளை வளர்த்தார். அவை முதிர்ச்சி அடையாமல் குஞ்சுப் பருவத்திலேயே பெருத்து மடிந்தன. ஆராய்ந்து பார்த்தபோது, வளர்ப்புக் கிண்ணத்தில் இட்ட காகிதமே காரணம் என்று தெரிந்தது. அக்காகிதம் செய்யப்பட்ட பால்சம் ஃபர் மரத்தில், பூச்சியின் இளமையை நீட்டிக்கும் சுரப்புநீரைப் போன்ற ஒரு பொருள் இருந்தது. அமெரிக்கச் செய்தித்தாள்கள் சிலவற்றிலும் அப்பொருள் உண்டு. இலண்டன் 'டைம்ஸ்' இதழின் தாளில் இல்லை! ஸ்லாமாவும் வில்லியம்ஸும் இதனை 1965-இல் வெளியிட்டனர். பூச்சியை நஞ்சிட்டுக் கொல்லாமல், அது முதிராதபடி தடுத்தாலே போதும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. தெள்ளுக்குப் பயன்படும் மெத்தோபிரீன் போன்ற மருந்துகள் இவ்வழியில் வந்தவையே.

இனி, பலர் தோற்றுப்போகும் இடத்தைக் கூறுகிறேன். மருந்திட்டு, பெருக்கி, துவைத்து இரண்டு வாரம் ஆகும், கடி குறையும். மூன்றாம் வாரத்தில் திடீரென்று மீண்டும் தெள்ளு துள்ளும். "மருந்து பொய், உழைப்பு வீண், பூனையைத் தொலையுங்கள்" என்ற குரல் மறுபடியும் எழும். உண்மை யாதெனில், இவை பழைய கூடுகளிலிருந்து இப்போது வெளிவருபவை. கூட்டின் உள்ளே மருந்து எளிதில் எட்டுவதில்லை. அவை வெளிவந்துதான் தீர வேண்டும். வந்து, மருந்திட்ட பூனையின்மேல் ஏறி மடிய வேண்டும். மருந்திட்ட பூனையே அப்போது நமக்குப் படைவீரன். ஆதலால் மூன்று மாத காலம் இடைவிடாது முறையைக் கைக்கொள்ளுங்கள். மருத்துவர் குறித்த நாளில் மறுமுறை மருந்திடுங்கள்.

வெற்றி நெருங்குகிறதா என்பதை அறிய மாணவர்களுக்கு ஏற்ற வழி ஒன்று. இரவில் தரையில் ஒரு தட்டில் சோப்பு நீர் வைத்து, அதன்மேல் சிறு விளக்கு ஒன்றை, நீர் படாதபடியும் பூனை தட்டிவிடாதபடியும் எரியவிடுங்கள். வளர்ந்த தெள்ளுகள் ஒளியையும் வெப்பத்தையும் நாடிப் பாய்ந்து நீரில் விழும். காலையில் எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுங்கள். இது தெள்ளை முழுதும் ஒழிக்காது. ஆனால் எண்ணிக்கை வாரந்தோறும் இறங்குவதைக் கண்ணுக்குக் காட்டும். அந்தக் குறிப்பேட்டைப் பாட்டியிடமும் தாயிடமும் காட்டுங்கள். மூன்றாம் வாரத்தில் எண் சற்று ஏறும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொன்னபடி ஏறி, சொன்னபடி இறங்கினால், உங்கள் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு உண்டாகும்.

உயிர்நூலைத் தேர்வுக்காகப் படிக்கிறோம். முட்டை, புழு, கூட்டுப்புழு, வளர்ந்த பூச்சி என்று நான்கு படங்கள் வரைந்து மதிப்பெண் பெறுகிறோம். அந்த நான்கு படங்களையும் உங்கள் வீட்டுத் தரையில் ஒருமுறை தேடிப் பாருங்கள். வாய் பேசாத ஓர் உயிரை நம் வீட்டில் நிலைக்கச் செய்யும் ஆற்றல் அப்பாடத்திற்கு உண்டு.