ஐந்தாவது இடத்தில் பூஜ்யம்



விடுமுறையில் சில வாரங்கள் வங்கியின் கணினிப் பிரிவுக்குப் பயிற்சிக்குப் போகும் கல்லூரிப் பிள்ளைகள், போனதுமே பெரிய நிரல் எழுதப்போகிறோம் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் கிடைப்பது சோதனை வேலைதான். அது சின்ன வேலையே இல்லை.

உதாரணத்துக்கு, பணம் அனுப்பும்போது ஐ.எஃப்.எஸ்.சி. எண் கொடுக்கிறோமே, அதில் 11 இடங்கள். முதல் நான்கு எழுத்து வங்கியைக் குறிக்கும், கடைசி ஆறு கிளையைக் குறிக்கும். நடுவில் ஐந்தாவது இடத்தில் எப்போதும் பூஜ்யம். அங்கே ஒருவர் ஆங்கில 'ஓ' எழுத்தைத் தட்டினால் திரை தடுக்கிறதா? பயிற்சி மாணவர் வேண்டுமென்றே தப்பாகத் தட்டித் தட்டிப் பார்க்க வேண்டும். அதுவும் கற்பனைக் கணக்குகளில்தான். உண்மையான வாடிக்கையாளரின் விவரம் மாணவர் கைக்குப் போகக்கூடாது. அந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

வங்கியில் இன்னொரு கண்டிப்பும் உண்டு: ஒருவர் பதிவு செய்த பணப் பரிமாற்றத்தை வேறொருவர் சரிபார்த்து ஒப்புதல் தரவேண்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்ய முடியாது.

2019 டிசம்பருக்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் நெஃப்ட் முறையில் பணம் அனுப்ப முடியாது. இப்போது இரவு பகல் எந்நேரமும் பணம் போகிறது. அந்தச் சேவை ஓடிக்கொண்டிருக்கும்போதே மென்பொருளை மாற்ற வேண்டும். அதனால், பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளே, அங்குள்ள மூத்தவர்களிடம் இதை அவசியம் கேளுங்கள்: "மாற்றம் தவறிப்போனால் பழைய நிலைக்கு எப்படித் திரும்புவீர்கள் சார்?"