சுடலைக் காவலனும் தீப்ஸ் நகரத்து மங்கையும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர்க் கூரைக் கொட்டகை ஒன்றில் மாலை வகுப்பாகத் தொடங்கிய இச்சங்கத்தின் வளர்ச்சியை எடுத்துரைக்க என்னினும் தகுதி வாய்ந்தோர் பலர் இம்மேடையில் உள்ளனர். ‘கல்வியும் நாடகமும்’ என்பது எனக்கு இடப்பட்ட தலைப்பு. பொருள் பெரிது, நேரம் சிறிது. ஆதலின் பிணத்தைப் பற்றிய இரண்டு பழைய நாடகங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மங்கல நாளில் பிணத்தைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பிணம் போகும் வழியே நம் மக்களுக்கு வழக்காக இருக்கும் வரையில் விழா நாளிலும் அதனைப் பேசத்தான் வேண்டியிருக்கிறது.

முதல் நாடகம் கிரேக்க நாட்டினுடையது. கி.மு. 441ஆம் ஆண்டையொட்டிச் சோபாக்ளீஸ் என்னும் பெருங்கவி இயற்றிய ‘ஆண்டிகனி’. தீப்ஸ் நகரத்து இளவரசர் இருவர் அரசுரிமைக்காக ஒருவரையொருவர் வெட்டி மாய்கின்றனர். அரியணை ஏறிய மாமன் கிரியோன், ஒருவனுக்கு முழு மரியாதையுடன் அடக்கம் செய்கிறான். மற்றவன் நகரத்தின்மேல் படை கொண்டு வந்தவன், ஆகவே அவன் உடல் நாய்க்கும் கழுகுக்கும் இரையாகட்டும், புதைப்பவர்க்கு மரணம் என்று ஆணையிடுகிறான். இறந்தவனின் தங்கை ஆண்டிகனி ஆணையை மீறிச் சென்று உடலின்மேல் ஒரு கைப்பிடி மண்ணைத் தூவுகிறாள். அவளை உயிரோடு குகையில் அடைக்கிறார்கள். அங்கே அவள் தூக்கிட்டுக்கொள்கிறாள். அவளை மணக்கவிருந்த கிரியோனின் மகனும், அவன் தாயும் அடுத்தடுத்து மாய்கின்றனர்.

கதை இவ்வளவே. எனினும் இதில் ஓர் இடத்தை நீங்கள் கருத்தூன்றி நோக்க வேண்டும். அரசன் மகன் தந்தையிடம் சொல்கிறான்: ஊர் மக்கள் உம் முகத்துக்கு நேரே பேசமாட்டார்கள், இருட்டில் அந்தப் பெண்ணுக்காக முணுமுணுக்கிறார்கள். ஊர் வாய் மூடி நின்றது என்பதே இந்நாடகத்தின் அடித்தளம். அக்கால அரங்கில் விளக்கை அணைத்து மக்களை இருட்டில் அமர்த்தும் வழக்கம் இல்லை. மலைச்சரிவில், பட்டப்பகலில், ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்தவாறே மக்கள் அமர்ந்திருந்தனர். அவர்களைப் போன்ற குடிமக்கள் பதினைவர் கோரஸ் என்னும் பாடகர் குழுவாகத் தளத்தில் நின்று, ஊராராகவே பேசினர். வாய் மூடி நின்ற ஊர் எதிரிலும் இருந்தது, சுற்றிலும் இருந்தது.

இந்நாடகம் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்துத் தென்னாப்பிரிக்காவின் சிறைத் தீவுக்குப் போயிற்று. நியூ பிரைட்டன் என்னும் கறுப்பர் குடியிருப்பில் ‘செர்பென்ட் பிளேயர்ஸ்’ என்றொரு நாடகக் குழு இருந்தது. செர்பென்ட் என்றால் பாம்பு; பாம்புகளை வைத்திருந்த பழைய பள்ளம் ஒன்றில் முதலில் ஆடியதால் வந்த பெயர். அக்குழு 1965இல் ஆண்டிகனியை நடத்த முனைந்தபோது, நடிகர் ஒருவரை நிறவெறி அரசு சிறைப்படுத்தி ராபன் தீவுக்கு அனுப்பியது. அவர் சோர்ந்துவிடவில்லை. நினைவிலிருந்த வரிகளைக் கொண்டு, கைதிகள் நடுவில் அந்நாடகத்தைச் சுருக்கி நடித்துக் காட்டினார். அதே தீவில் நடந்த ஆண்டிகனியில் கிரியோன் வேடம் பூண்டதை நெல்சன் மண்டேலா தம் வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிட்டிருக்கிறார். கொடுங்கோலன் வேடத்தைச் சிறையிலிருந்த தலைவர் ஏற்றார் என்பது எனக்கு இன்றும் வியப்பளிப்பது.

அச்செய்திகளிலிருந்து அதோல் ஃபுகார்ட், ஜான் கானி, வின்ஸ்டன் இன்ட்சோனா ஆகிய மூவரும் சேர்ந்து உருவாக்கியதே ‘தீவு’ என்னும் நாடகம். கேப்டவுனில் 1973இல் அரங்கேறியது. கானியும் இன்ட்சோனாவும் கறுப்பர்கள். நடிகன் என்றொரு தொழிலையே கறுப்பருக்கு அந்நாட்டுச் சட்டம் ஏற்காததால், ஃபுகார்டின் வீட்டு வேலையாட்களாகப் பதிவு செய்யப்பெற்றவர்கள். 1975இல் அமெரிக்காவின் டோனி விருது அவ்விருவர்க்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

‘தீவு’ நாடகத்தில் இரண்டே கைதிகள். தொடக்கத்தில் வெகுநேரம் பேச்சே இல்லை. ஒருவன் தோண்டிய மணலை மற்றவன் குழியில் கொட்டுகிறான். அவன் தோண்டியது இவன் குழியில் விழுகிறது. வேலைக்கு முடிவே கிடையாது. இரவில் அறைக்குத் திரும்பி, சிறை விழாவுக்காக ஆண்டிகனியை ஒத்திகை பார்க்கிறார்கள். பெண் வேடம் வின்ஸ்டனுக்கு. பொய்முடியும் பொய்மார்பும் கட்டிக்கொண்டதும் தோழன் சிரித்துவிடுகிறான்; வின்ஸ்டன் அவற்றைக் கழற்றி எறிந்து, ‘நான் ஆண்மகன்; எல்லாரும் சிரிக்க இதைக் கட்டமாட்டேன்’ என்று மறுக்கிறான். பின்னர்த் தோழனின் தண்டனை குறைந்து, மூன்று மாதத்தில் விடுதலை என்ற செய்தி வருகிறது. வின்ஸ்டனுக்கோ ஆயுள் தண்டனை. அதன் பின்னரே அவன் அவ்வேடத்தை உளமார ஏற்கிறான்.

இறுதிக் காட்சியில்தான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. தோழன் அவையை நோக்கி வணங்கி, சிறை அதிகாரிகளே, காவலர்களே என்று விளிக்கிறான். சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்து அமர்ந்தவர்கள் அந்த நொடியில் சிறை அதிகாரிகளாக ஆகிவிடுகிறார்கள். எழுந்து போகவும் இயலாது. அமர்ந்திருந்தால் காவலர் வரிசையில் அமர்ந்திருக்கிறோம் என்று பொருள். அவர்கள் முன்னிலையில் ஆண்டிகனி விசாரிக்கப்படுகிறாள். தண்டனை கூறப்பட்டதும் வின்ஸ்டன் பொய்முடியைப் பிய்த்தெறிந்து, தன் சொந்த முகத்தோடு பேசுகிறான்.

அமெரிக்காவில் நடந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் மிசௌரி மாநிலத்து ஃபெர்கூசன் நகரில் மைக்கேல் பிரவுன் என்னும் பதினெட்டு வயதுக் கறுப்பின இளைஞரைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். அவ்வுடல் கோடை வெயிலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் நடுத்தெருவில் கிடந்தது. எடுக்கப்படாத உடல் என்றதும் பிரையன் டோரீஸ் என்னும் நாடகாசிரியருக்கு ஆண்டிகனி நினைவுக்கு வந்தது. ‘ஃபெர்கூசனில் ஆண்டிகனி’ 2016இல் அந்த இளைஞர் படித்த பள்ளியிலேயே நடந்தது. கோரஸ் குழுவாக நின்று தேவாலயப் பாடல் முறையில் பாடியவர்கள் அப்பகுதி மக்கள். அவர்களில் பிரவுனுக்குப் பாடம் சொன்ன ஆசிரியரும் இருந்தார், காவல்துறையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். படிப்பு முடிந்ததும் கூட்டத்திலிருந்தோர் எழுந்து பேசினர். அப்பேச்சையே நாடகத்தின் மறுபாதியாக வைத்திருந்தனர். ஒரே மேடையில் காவலரையும் நிறுத்தியது சரியா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. ஆயினும் ஊரின் வாய் திறந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, சுடுகாட்டுக்குச் செல்லும் வழி வேலியிட்டு அடைக்கப்பட்டிருந்ததால், தலித் ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அக்காட்சியைப் படத்தில் பார்த்த சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. கிரியோனைப் போல் எவரும் பறையறைந்து ஆணையிடவில்லை. ஒரு வேலி போதுமானதாக இருந்தது.

நம்மிடமும் பிணத்தைப் பற்றிய பெருநாடகம் உண்டு. அதுவே நான் கூறிய இரண்டாவது. அரிச்சந்திரன் கதையின் மயான காண்டம். அரசை இழந்த அரிச்சந்திரன், சுடலைக்கு உரிய வீரபாகுவுக்கு அடிமையாகிக் காவல் நிற்கிறான். பாம்பு தீண்டி இறந்த மகன் லோகிதாசனைச் சந்திரமதி தன்னந்தனியே சுமந்து வருகிறாள். கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கொடுக்காமல் சுடவிடமாட்டேன் என்று சொந்த மனைவியையே தடுக்கிறான் கணவன். வட மாவட்டங்களில் கருமாதி இரவில் இக்கூத்து நடக்கும். பல ஊர்ச் சுடுகாடுகளின் வாயிலில் அரிச்சந்திரன் பெயரால் ஒரு கல் நிற்கிறது. பாடையை அங்கே இறக்கி வைத்த பிறகே உள்ளே கொண்டு செல்வார்கள். பார்ப்பவர் வீட்டுச் சாவுக்கே நாடகத்தைக் கொண்டு வந்து நிறுத்திய இந்த வழக்கத்தை விடவா மேனாட்டார் புதிதாகக் கண்டுவிட்டனர்?

ஆயினும் ஒன்று கேட்க வேண்டும். என் பாட்டனார் வெட்டியான் வேலை பார்த்தவர். சிறுவனாக நான் அவர் மடியில் அமர்ந்து, கூத்து மேடைக்குப் பக்கவாட்டில், எங்களுக்கென்று விடப்பட்ட இடத்திலிருந்து மயான காண்டம் பார்த்திருக்கிறேன். கோலூன்றி அரிச்சந்திரன் வந்து நின்றதும் முன்வரிசையில் அமர்ந்திருந்த ஊர்ப் பெரியவர்கள் விம்மி அழுதனர். அரசனாக இருந்தவனுக்கு இந்த இழிநிலையா என்றே அழுதனர். விடிந்ததும் அவர்களில் ஒருவர் என் பாட்டனாரை, அவர் வயதுக்குப் பாதி வயதினர், ‘அடேய்’ என்று அழைத்துக் குழி தோண்டச் சொன்னார். வாழ்நாள் முழுதும் அந்தக் கோலைப் பிடித்து நின்றவருக்காக அந்த இரவில் ஒரு சொட்டுக் கண்ணீரும் விழவில்லை. வீரபாகுவுக்கு அந்நாடகத்தில் தன் துயரைச் சொல்ல ஒரு பாட்டும் இல்லை.

சென்ற ஆண்டு விடுதி மாணவர்கள் இவ்விரு நாடகங்களையும் படித்துவிட்டு மயான காண்டத்தைப் புதிதாக ஆடிப் பார்க்க விரும்பினர். வேடங்களைப் பங்கிட்டபோது, வீரபாகுவாக நிற்கச் சொன்ன மாணவர் மறுத்துவிட்டார். “ஐயா, அந்தக் கோலை விட வேண்டும் என்றுதானே என் தந்தை என்னை இங்கே சேர்த்தார், மேடையிலும் நான் அதைப் பிடிக்க வேண்டுமா?” என்று கேட்டார். வின்ஸ்டன் மறுத்த கதையைச் சொல்லி அவரை இணங்க வைக்க முயன்றேன். அது என் தவறு. என் கையில் கோல் இருந்ததில்லை. என் பாட்டனாரோடு அது நின்றுவிட்டது. அவர் தந்தையின் கையில் இன்னும் இருக்கிறது. பத்து நாள் கழித்து அவரே வந்தார். கட்டணம் கேட்கமாட்டேன், வேறொன்று கேட்பேன் என்று சொல்லி வேடத்தை ஏற்றார்.

அம்மாணவரின் ஊரிலேயே, காலனித் தெருவில், மேடையின்றி ஆடினார்கள். மக்கள் இருபுறமும் நிற்க, சந்திரமதியாக வந்த மாணவி நடுவே பிள்ளையைச் சுமந்து வந்தார். வீரபாகு கோலைக் கீழே வைத்துவிட்டு, “தாயே, எந்த வழியாக வந்தாய்?” என்று கேட்டார். அவள் விடை சொல்லாமல் கூட்டத்தைப் பார்த்தாள். எழுதி வைத்திருந்த நாடகம் அவ்வளவே. நெடுநேரம் எவரும் பேசவில்லை. பின்னர் முதியவர் ஒருவர் பின்வரிசையிலிருந்து சொன்னார்: “ஊர்த் தெரு வேணாம்மா. ஏரிக்கரை எறங்கி, மதகத் தாண்டி, கரும்புக் கொல்லை வரப்புமேல வா. மழைக்காலம்னா இடுப்பளவு தண்ணி நிக்கும். பாடையத் தலைக்குமேல தூக்கிக்கணும்.” வேறொருவர் அவரைத் திருத்தினார், வரப்பைப் போன ஆண்டே வெட்டிவிட்டார்களாம். ஒரு மூதாட்டி தம் கணவரைக் கொண்டுபோன நாளைச் சொல்லத் தொடங்கினார். பிள்ளையைச் சுமந்திருந்த மாணவிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர்கள் சொன்ன வழியிலேயே நடக்கத் தொடங்கினார். அரிக்கேன் விளக்குகளை எடுத்துக்கொண்டு தெருவே பின்தொடர்ந்தது.

மாணவர் ஒருவர் அவ்வழியைக் காலடியால் எண்ணிக் குறித்துக்கொண்டார். ஊர்த் தெரு வழியே சென்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு தொலைவும் இல்லை. அக்கணக்கு இப்போது அத்தெருவினர் கையொப்பமும் கைநாட்டும் இட்ட மனுவாக வட்ட அலுவலகத்தில் இருக்கிறது.

இன்று மாலை விளக்கு வைத்த பிறகு இம்மைதானத்தில் மாணவர்கள் அதனை மீண்டும் ஆடுகின்றனர். நாற்காலி போடப்படமாட்டாது; பெரியோர்கள் பொறுத்தருளி இருபுறமும் நிற்குமாறு வேண்டுகிறேன். பாடை உங்கள் நடுவே வரும்.