வினையைப் பின்தொடரும் சிறுசொற்கள்



மில்டனுக்கு உரை சொல்லவும், சட்ட நூல்களின் நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டவும் வல்ல நம் பட்டதாரி ஒருவர், இரண்டு ஆங்கிலேயர் தம்முள் சாவதானமாகச் சம்பாஷிப்பதைக் கேட்கும்போது பொருள் விளங்காமல் திகைத்து நிற்பாரானால், அதற்குக் காரணம் அவர்கள் வழங்கும் சொற்களின் கடினம் அன்று; அவற்றின் எளிமையே ஆகும் என்பதை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். கிவ், டேக், புட், கெட், கம், கோ என்னும் வினைகளும், அப், டவுன், இன், அவுட், ஆன், ஆஃப் என்னும் சிறுசொற்களும் நாம் முதல் வகுப்பிலேயே கற்றவை. ஆனால் புட் என்றால் வைத்தல், அப் என்றால் மேலே, வித் என்றால் உடன் என்று தனித்தனியே அறிந்தவருக்கும், புட் அப் வித் என்று மூன்றும் கூடியவிடத்துச் சகித்துக்கொள்ளுதல் என்ற அர்த்தம் தானாகத் தோன்றுவதில்லை.

இந்த இடர்ப்பாட்டை முதலில் தெளிவாக உணர்த்தியவருள் ஒருவர் டாக்டர் சாமுவேல் ஜான்சன். 1755-இல் வெளியான தம் அகராதியின் முன்னுரையில், வினையின்பின் ஒரு சிறுசொல்லைச் சேர்த்துப் பொருளை மாற்றும் வழக்கு ஆங்கிலத்தில் மிகுதி என்றும், அந்நிய நாட்டார்க்குப் பெருந்தொல்லை தருவது அதுவே என்றும் கூறி, கம் ஆஃப், பிரேக் ஆஃப், செட் அவுட் போன்றவற்றை உதாரணம் காட்டினார். இவற்றுக்கு ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயரை 1925-இல் தம் நூலில் வழங்கிப் பரவச் செய்தவர் லோகன் பியர்சால் ஸ்மித். அப்பெயரைத் தமக்குச் சொன்னவர் ஆக்ஸ்போர்டு அகராதியின் பதிப்பாசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்று அவரே எழுதியிருக்கிறார். நாம் கூட்டுவினை என்று வழங்குவோம்.

பழைய ஆங்கிலத்தில் இத்தகைய சிறுசொற்கள் பெரும்பாலும் வினைக்கு முன்னொட்டாக நின்றன. காலப்போக்கில் அம்முன்னொட்டுக்கள் வலுவிழந்தமையாலும், இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியரின் பேச்சுவழக்கு உடனிருந்து ஊக்கியமையாலும், அவை மெல்ல மெல்ல வினைக்குப் பின்னே வந்து அமர்ந்தன என்பது அறிஞர் பலரின் அபிப்பிராயம். 1066-இல் நார்மானியர் வெற்றி கொண்டபின் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமெனப் புகுந்தன; எனினும் வீட்டிலும் வயலிலும் வழங்கிய கூட்டுவினைகள் அழிந்தொழியவில்லை. ஆகவேதான் இன்றும் ஆங்கிலத்தில் ஒரு செயலுக்கு இரண்டு சொற்கள் உள்ளன. தீயை எக்ஸ்டிங்குவிஷ் செய்வது அறிக்கையில். புட் அவுட் செய்வது அடுக்களையில். கூட்டத்தைப் போஸ்ட்போன் செய்வது கடிதத்தில். புட் ஆஃப் செய்வது பேச்சில். நம் நாட்டவர் ஆங்கிலத்தை ஏட்டின் வழியாகவே பெற்றமையால், அறிக்கைச் சொல் நமக்கு நன்கு வாய்த்தது, அடுக்களைச் சொல் வாய்க்கவில்லை. கூட்டத்தை முன்கூட்டி நடத்துவதற்கு ஆங்கிலேயர் பிரிங் ஃபார்வர்ட் என்று சொல்ல, நம்மவர் போஸ்ட்போனுக்கு எதிராக ப்ரீபோன் என்று ஒன்றை வழக்கில் நிலைநிறுத்திக்கொண்டதும் இக்காரணத்தால்தான் என்று கருதுகிறேன்.

இக்கூட்டுவினைகள் ஒழுங்கற்றவை, மனப்பாடம் செய்வதன்றி வேறு மார்க்கமில்லை என்று பலரும் சொல்வர். அதை நான் ஒப்பவில்லை. அப் என்னும் ஒரு சொல்லை மாத்திரம் ஆராய்வோம். ஈட் என்றால் உண். ஈட் அப் என்றால் மிச்சமின்றி உண்டு தீர். யூஸ் அப் என்றால் இருந்ததெல்லாம் செலவழித்துவிடு. டிரை அப் என்றால் முற்றும் வற்றிப்போ. இங்கெல்லாம் அப் என்பது மேல்நோக்கிய திசையை விட்டு, செயல் முற்றுப்பெற்றது என்ற குறிப்பைத் தருகிறது. உண்டான் என்பதற்கும் உண்டுவிட்டான் என்பதற்கும் உள்ள வேற்றுமையைத் தாய்ப்பாலோடு அறிந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றவேண்டிய அவசியமே இல்லை; விடு என்னும் துணைவினையும் அங்கே கைவிடுதல் என்ற தன் மூலப்பொருளை விட்டு முற்றுப்பொருளைத்தானே உணர்த்துகிறது! ஆஃப் என்பதில் பிரிவும் விலகலும், அவுட் என்பதில் வெளிப்படுதலும் சில இடங்களில் அற்றுப்போதலும் இவ்வாறே ஊடுருவி நிற்கக் காணலாம். எல்லாக் கூட்டுவினைகளும் இந்த விளக்கத்துள் அடங்கா. புட் அப் வித் அடங்காது. ஆயினும் அடங்குபவை மிகப் பல.

நம் துணைவினைக்கும் ஆங்கிலச் சிறுசொல்லுக்கும் ஒரு பெரிய பேதம் உண்டு. நம்முடையது வினையை ஒட்டியே நிற்கும். அவர்களுடையது செயப்படுபொருளைத் தாண்டியும் போய் நிற்கும். ஹி ரான் அப் எ ஹில் என்றால் அவன் குன்றின்மேல் ஓடினான். ஹி ரான் அப் எ பில் என்றால் அவன் கடனேற்றிவிட்டான். ஓர் எழுத்தன்றி வேறு வித்தியாசம் கண்ணுக்குத் தென்படாத இவ்விரு வாக்கியங்களுள், பின்னதில் அப் என்பதைப் பெயர்த்து, ரான் எ பில் அப் என்று இறுதியில் வைக்கலாம். முன்னதில் ஒருகாலும் முடியாது. குன்றின் வாக்கியத்தில் அப் என்பது குன்றைச் சார்ந்தது. கடன் வாக்கியத்தில் அது வினையைச் சார்ந்தது. பெயருக்குப் பதிலாக இட் என்ற சுட்டு வருமாயின், கூட்டுவினையின் சிறுசொல் அதற்குப் பின்னரே நிற்கவேண்டும். புட் இட் ஆஃப் என்பரேயன்றிப் புட் ஆஃப் இட் என்று எந்த ஆங்கிலக் குழந்தையும் சொல்வதில்லை. புட் இட் ஆஃப் என்று சொல்லும்போது குரலின் அழுத்தம் புட் என்பதில் விழாமல் ஆஃப் என்பதில் விழுவதைக் கூர்ந்து கேளுங்கள். பொருள் எங்கே குடியிருக்கிறதோ அங்கே குரல் ஏறுகிறது. அச்சிட்ட பக்கம் இதைக் காட்டுவதில்லை. ஆதலால் ஏட்டை மாத்திரம் நம்பியவர்க்குச் சிறுசொல் அற்பமாகவே தோன்றிவிடுகிறது.

அது அற்பமன்று என்னும் உண்மையைப் பெரிய அறிஞரின் முயற்சி ஒன்று நன்கு புலப்படுத்தும். சி. கே. ஆக்டன் என்பவர் 1930-இல் பேசிக் இங்கிலிஷ் என்று 850 சொற்களால் ஆன ஒரு சுருக்க ஆங்கிலத்தை வகுத்தார். அதில் வினைகளாக நின்றவை 18 மாத்திரமே. 1943-இல் ஹார்வர்டில் பேசிய சர்ச்சில்கூட அதனைப் புகழ்ந்தார். ஆனால் நூற்றுக்கணக்கான வினைகளை நீக்கியதன் பயனாக, அவற்றின் வேலையெல்லாம் கெட், புட், டேக் முதலியவற்றோடு சிறுசொற்களைக் கூட்டியே நடத்தவேண்டியதாயிற்று. சொற்பட்டியல் சுருங்கியது, கற்பவன் பாரம் குறையவில்லை.

நம் நாட்டில் வேரூன்றிய சில பிரயோகங்களையும் குறிப்பிடவேண்டும். கல்லூரிப் படிப்பை முடித்தலைப் பாஸ் அவுட் என்கிறோம். இங்கிலாந்தில் அது பெரும்பாலும் மூர்ச்சையடைதல், இராணுவப் பயிற்சி முடித்தவர்க்கே நம் அர்த்தம் பொருந்தும். அலுவலகத்தில் கோப்பை மேலதிகாரிக்குப் புட் அப் செய்வது நம் நிர்வாகத்தின் நெடுநாள் வழக்கு; அதில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் சமாளித்தல் என்ற பொருளில் கோப் வித் என்று நிற்கவேண்டிய இடத்தில் கோப் அப் வித் என்று நம்மவர் சேர்த்துச் சொல்வது, சிறுசொல்லின் சக்தியைச் செவி உணர்ந்தும் அதன் இடத்தை உணராமையின் விளைவு.

ஆகவே ஆசிரியர்களிடம் நான் வேண்டிக்கொள்வது, கூட்டுவினைகளை அகராதி வரிசையில் நூறு நூறாக எழுதிக் கொடுக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, வாரத்துக்கு ஒரு சிறுசொல்லை எடுத்து, அது ஐந்தாறு வினைகளோடு கூடி முழு வாக்கியத்தில் இயங்குமாறு வாய்விட்டுச் சொல்லிப் பழக்கவேண்டும் என்பதே. இட் என்னும் சுட்டை நடுவில் வைத்துச் சொல்லும் பயிற்சியும் உடன் நடக்கட்டும். அழுத்தம் விழும் இடம் அப்போதுதான் செவியில் படியும். அப், ஆஃப் என்னும் இரண்டில் தொடங்கி, அவை நன்கு ஊன்றியபின் அவுட் என்பதற்குச் செல்வது உசிதம்.