சொல்லாமல் போகும் துக்கம்

2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகர மசூதிகளில் 51 பேரை வெறுப்பு பலிகொண்டது. ஒரு மாதத்துக்குள் அந்நாடு ராணுவ பாணித் துப்பாக்கிகளைத் தடைசெய்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 3. நம்மில் பலர் வசிக்கும் டாலஸ் பகுதியின் ஆலனிலிருந்து ஒருவன் இரவெல்லாம் கார் ஓட்டிப் போய், எல் பாசோ வால்மார்ட்டில் சுட்டான். இறந்தவர்கள் 23 பேர். குடியேறிகள் படையெடுக்கிறார்கள் என்பது அவன் வாதம். டெக்சஸ் சட்டமோ எதிர்த்திசையில் போனது. 2021 முதல் பெரும்பாலோர் கைத்துப்பாக்கி ஏந்த உரிமம்கூட வேண்டாம்.

ஆனால் அங்கே மனைவியைப் பறிகொடுத்த ஒருவர், தனக்கு உறவினர் அதிகமில்லை, இறுதிச் சடங்குக்கு எல்லோரும் வரலாம் என்றார். முன்பின் தெரியாதவர்கள் நூற்றுக்கணக்கில் வரிசையில் நின்றார்கள்.

நல்லதுக்குச் சொன்னால் போவோம், துக்கத்துக்குச் சொல்லாமலே போவோம். அது நம் வழக்கம். இந்த நாட்டில் அதை நம்மவர் வீடுகளோடு நிறுத்திவிட்டோமா?