கணினி பூட்டும் முன் கவனியுங்கள்



பாகம் பாகமாக வாங்கிக் கணினி பூட்டப் போகிறீர்களா? வெள்ளி வெள்ளியாகச் சேர்த்த பணம். ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். டிடிஆர்4 ரேம், டிடிஆர்5 தாய்ப்பலகையில் ஏறாது. பவர் சப்ளையில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். மட்டமானது கெட்டால் மற்றதையும் கெடுத்துவிடலாம்.

விசிறி சுற்றியும் திரையில் ஒன்றும் வரவில்லையா? கடைக்கு ஓடாதீங்க. பிளக்கைக் கழற்றிவிட்டு, ரேமை எடுத்து மறுபடி 'கிளிக்' என்று உட்கார அழுத்துங்கள். இரண்டிருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

மாணவர்களே, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். அப்போதுதான் காரணம் புரியும்.