நடுக்கு வாதமும் நம் கடமையும்



மாரிகுப்பத்து லைன் வீடுகளில் கை நடுங்கும் பெரியவரைக் கண்டால் "முதுமை" என்போம். சிலர் "குடி" என்று பழிப்பர். இரண்டும் அன்றி அது நோயாகவும் இருக்கலாம். ஓய்ந்திருக்கும் கை நடுங்குதல், நடை குறுகுதல், உடல் இறுகுதல், எழுத்துச் சிறுத்தல் ஆகியவை நடுக்கு வாதத்தின் குறிகள். 1817இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதனை விளக்கினார். மூளையில் டோபமைன் சுரக்கும் உயிரணுக்கள் அழிவதால் வருவது, தொற்றுவதன்று.

முற்றாகத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை; ஆயினும் லெவோடோபா உடலியக்கத்தை எளிதாக்குகிறது. அப்பொருளை நம் பூனைக்காலி விதையிலிருந்து 1937இல் சென்னையில் தாமோதரன், இராமசாமி ஆகியோர் பிரித்தெடுத்தனர். அதற்காக விதையை நாமே அரைத்துண்ணல் ஆகாது. அளவறிந்து தருபவர் மருத்துவரே. மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் கேடாம்.

2001இல் சுரங்கம் மூடியபின் நம் இளைஞர் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூர் செல்கின்றனர். முதியோர் வீட்டில் தனித்திருக்கின்றனர். அதே ரயிலில் அவர்களை நிமான்ஸ் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். பகலில் அண்டை வீட்டாராகிய நாம் மாத்திரை வேளையை நினைவூட்டுவோம், உடன் நடப்போம். சுரங்க இருளில் ஒருவர்க்கொருவர் துணை நின்ற நாம், நடுங்கும் கையைப் பற்றத் தயங்கலாமா?