செவிலியர் தொழிலும் அதன் ஊதியமும்

(திருப்பூரில் கூடிய சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பெண்மக்களுக்கு எக்கல்வியை அளிப்பது, அதனால் வரும் ஜீவனம் யாது என்னும் வினா நம் குடும்பங்களில் நாள்தோறும் எழுகின்றது. ஆதலின் நர்ஸ் என்று வழங்கும் செவிலியர் தொழிலைப்பற்றி இன்று சில கூறத் துணிந்தோம்.

நோயாளியைத் தொட்டுத் தூக்கித் துடைக்கும் வேலை இழிவானதென்று நம்மவர் ஒரு காலத்தில் எண்ணினர். இரவில் வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு வரன் அமையுமோவென்று அஞ்சினோரும் உண்டு. அவ்வெண்ணம் இன்னும் முற்றும் ஒழிந்திலது. ஆயின் வேலூரில் 1946-ஆம் ஆண்டிலேயே இது சென்னைச் சர்வகலாசாலைப் பட்டத்திற்குரிய படிப்பாக உயர்ந்துவிட்டது. பனியன் கம்பெனியில் இரவு எட்டரை மணி வரை ஒன்றரை ஷிப்டு வேலைக்குப் பெண்ணை அனுப்பும் நாம், ஆஸ்பத்திரி வேலைக்கு அனுப்பத் தயங்குவது எவ்வாறு பொருந்தும்?

வேலைக்கு இடமும் உண்டு. திருப்பூர் 2009-இல் தனி ஜில்லாவாயிற்று. 2022 ஜனவரி 12-இல் இங்கு அரசாங்க மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. தொழிலாளருக்கென 100 படுக்கையுள்ள ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினர். தனியார் ஆஸ்பத்திரிகளோ இங்கும், ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோயமுத்தூரிலும் பலவாகும். டாக்டர் வந்து பார்த்துச் செல்வார்; இரவும் பகலும் நோயாளியருகில் இருப்பவள் நர்ஸே.

ஆனால் அன்பர்களே, வேலை உண்டென்பது ஒன்று. தக்க ஊதியம் உண்டென்பது வேறொன்று. மத்திய சர்க்காரின் எய்ம்ஸ் போன்ற வைத்தியசாலைகளில் பரீட்சையில் தேறிச் சேரும் நர்ஸுக்கு ஏழாவது சம்பளக் கமிஷனின்படி தொடக்க மாதச் சம்பளம் 44,900 ரூபாய், படிகள் வேறு. அதே படிப்புப் படித்தோரைப் பல்லாயிரவராக 2015-இல் நம் ராஜ்ய சர்க்கார் பரீட்சை வைத்து ஒப்பந்த முறையில் எடுத்தபொழுது, அவர்களுக்குக் கொடுத்தது மாதம் 7,700 ரூபாய். நாளொன்றுக்கு 257 ரூபாய்க்கும் குறைவு! 2017-இல் அப்பெண்கள் சென்னையில் திரண்டு போராடினர். பின்னர் அத்தொகை 14,000 ஆகவும், 2023-இல் 18,000 ஆகவும் உயர்ந்தது. கேளாதவர்க்குக் கிடைப்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

தனியார் ஆஸ்பத்திரிகளின் நிலையை எண்ணி, 2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் இட்ட ஆணையின்படி ஒரு கமிட்டி அமைந்தது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரியில் சர்க்கார் நர்ஸுக்கு நிகரான சம்பளம். 100-க்கு மேல் 200 வரையாயின் அதிலிருந்து நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறையலாகாது. 50 முதல் 100 வரையாயின் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேல் குறையலாகாது. 50-க்கும் கீழாயினும் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று அக்கமிட்டி சிபார்சு செய்தது. சிபார்சு சட்டமன்று. ஆயினும் அயலிலுள்ள கேரள தேசத்தில் நர்ஸுகள் ஒன்றுபட்டுப் போராடியதன் பயனாக, 2018-இல் அங்குள்ள சர்க்கார் 20,000 ரூபாயைக் குறைந்தபட்சச் சம்பளமாக விதித்தது.

பெற்றோர்க்குச் சில கூறுவோம். பட்டப்படிப்பு நான்கு ஆண்டு, டிப்ளமோ மூன்று ஆண்டு. கடன்பட்டுப் பணம் கட்டுமுன், அக்கல்லூரி அங்கீகாரம் பெற்றதா, தேறியபின் ராஜ்ய நர்ஸ் கவுன்சிலில் பெயர் பதிவாகுமா என்று விசாரியுங்கள். வேலையில் சேருங்கால் சம்பளம், வேலைநேரம், வாரவிடுமுறை, பிராவிடண்ட் பண்டு இவற்றை எழுத்தில் பெறுங்கள். அசல் சர்ட்டிபிகேட்டுகளை எவரிடமும் அடகுபோல் ஒப்படைக்க வேண்டா. அயல்நாட்டு மோகத்தால் தரகரிடம் லட்சங்களைக் கொட்டவும் வேண்டா. வளைகுடா முதலிய 18 தேசங்களுக்கு நர்ஸுகளைச் சர்க்கார் ஏஜென்ஸிகள் வழியே அனுப்பவேண்டுமென்று 2015-இல் மத்திய சர்க்கார் விதித்தது அத்தகைய மோசடிகளைக் கண்டபின்னரேயாம். நம் ராஜ்யத்திலும் 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்புக் கார்ப்பரேஷன் ஒன்று உண்டு. முதலில் அதன் வாயிலை நாடுக.

இறுதியாக ஒன்று. இச்சபையில் நர்ஸுகளின் தந்தையரும் உளர். ஆஸ்பத்திரி நடத்துவோரும், அவற்றிற்கு மூலதனம் கொடுத்தோரும் உளர். தம் மகளுக்கு 20,000 ரூபாய் போதாதென்று கருதும் ஒருவர், பிறர் மகளுக்கு அதிற் பாதி கொடுத்தல் தருமமாகுமா? மேடையில் குலப்பெருமை பேசுதல் எளிது. சம்பளப் பட்டியலில் நியாயம் காட்டுதலே அரிது. நம்மவர் நடத்தும் ஆஸ்பத்திரிகள் யாவும், பணிபுரிவோர் எக்குலத்தினராயினும், அக்கமிட்டி கூறிய அளவிற்குக் குறையாமல் கொடுப்பதென்று இச்சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றுமாயின், அது நம் பெண்களுக்கு வழங்கும் உபகாரச் சம்பளங்கள் அனைத்தினும் மேலானதாகும். அத்தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் அக்கிராசனர் அவர்கள் ஏற்றருள வேண்டுமென்று விண்ணப்பிக்கின்றோம்.